பேரு இல்லாத செவ்வாய்

மேஸ்திரி இன்று விசில் ஊதவில்லை.
கதவைத் திறந்தால்
சரிவு முழுக்க யாரோ
கல்லுப்பைக் கொட்டிவிட்டுப் போனதுபோல் வெள்ளை.
வெயில் ஏறினால் அது போய்விடும்.
போன பிறகுதான் தெரியும்
பாகு காய்ச்சித் தீய்ந்த சட்டியின் அடியாய்க்
கொழுந்தெல்லாம் கருகிக் கிடப்பது.

மாசி பிறந்து ஆறு நாள்.
போன வாரமே விடைபெற்ற பனி
கைமாற்றுக் கேட்க மறந்த மச்சான் மாதிரி
பாதி வழியில் திரும்பி வந்திருக்கிறது.

நாலாம் நம்பர் காட்டில் பறிப்பு இல்லை.
பறிப்பு இல்லையென்றால் பேரு இல்லை.
பேரு இல்லையென்றால்
சம்பளச் சீட்டில்
பல் விழுந்த இடமாய் ஒரு கட்டம்.
இதையெல்லாம் கூட்டிக் கழித்தபடியே
மறுபடி கம்பளிக்குள் நுழைந்தேன்.
உள்ளே என் சூடு
இன்னும் எனக்காகக் காத்திருந்தது.
செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்கு
என் படுக்கை எப்படி இருக்கும் என்பதைப்
பதினோரு வருஷத்தில் இன்றுதான் பார்க்கிறேன்.

தவமணி எழுந்து
உரச் சாக்கைக் கிழித்து
ஜன்னல் ஓட்டையில் திணித்தார்.
“காத்து வருதா?”
“வருது.”
இன்னும் ஒரு சாக்கு.
“இப்ப?”
“இப்ப யூரியா வாசம் வருது.”

தேங்காய் ஒன்று இருந்தது.
மேட்டுப்பாளையத்தில் வண்டி ஏறி
ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும்
ஒரு ரூபாய் ஏற்றிக்கொண்டு
கோத்தகிரி வந்து சேர்ந்த தேங்காய்.
ஞாயிற்றுக்கிழமைக்கென்று எடுத்து வைத்தது.
உடைத்துவிட்டேன்.
உடைக்கிற சத்தத்தில்
பூனை எழுந்து, அடுப்புக்கு
அந்தப் பக்கம் போய்ப் படுத்தது.

எரிவது கவாத்துக் குச்சி.
நின்றபோது நான் பறித்த செடிதான்.
மாவில் தேங்காய்ப்பூ, பச்சை மிளகாய்,
நறுக்கிய வெங்காயம், கைக்கு வந்த உப்பு.
உருட்டி, உள்ளங்கையில் தட்டி,
கல்லில் போட்டதும்
லயம் பூராவும் தகவல் போய்விட்டது.

சம்பலுக்கு மாசி இடித்துப் போட வேண்டும்.
கடல் தாண்டி வந்தவர்கள் வீட்டுக் கணக்கு அது.
இந்த ஊர்க் கடையில் மாசி என்று கேட்டால்
காலண்டரைக் காட்டுகிறார்கள்.
நெத்திலிக் கருவாட்டைத் தணலில் சுட்டேன்,
வற்றலோடு வைத்து இடித்தேன்.
நாக்கு ஏமாறவில்லை,
ஆனால் மன்னித்துவிட்டது.

நிரோஷா சீருடை போட்டிருந்தாள்,
ஒரு காலில் மட்டும் சாக்ஸ்.
“பஸ் போயிருச்சும்மா” என்றாள்.
சொல்லி முடித்து
முதல் வாய் ரொட்டியை மென்று விழுங்கிய பிறகு
வளைவில் பஸ் ஹாரன் அடித்தது.
மூன்று பேரும்
மூன்று பக்கம் பார்த்துக்கொண்டோம்.

பக்கத்து வீட்டு மரகதவல்லி
கிண்ணத்தோடு வந்தாள்.
“என்ன விசேஷம் உங்க வீட்ல?”
“பனி விழுந்துருச்சு.”
“அது எங்க வீட்லயும்தான்” என்று
அவித்த பட்டாணியை வைத்துவிட்டு
சம்பலை வாங்கிக்கொண்டு போனாள்.

பால் இல்லை. சாயத்தண்ணிதான்.
கருப்பட்டித் துண்டைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு
உறிஞ்ச உறிஞ்ச
காதுமடல் திரும்பவும் என்னுடையதாகிறது.
பாக்கெட்டில் வருகிற டஸ்ட் தூள்.
நல்ல இலை எங்கே போகிறது என்று
நாங்கள் கேட்பதில்லை,
அதுவும் எங்களைக் கேட்பதில்லை.

பத்தரைக்குக் கூரைத் தகரம்
படக் படக்கென்று வெயிலுக்கு முறித்தது.
தவமணி வெளியே போனார்.
சரிவை ரொம்ப நேரம் பார்த்தார்போல.
எத்தனை வாரம் ஆகும்
அடுத்த கொழுந்துக்கு என்று
முகத்திலேயே எழுதி வைத்திருந்தார்.
நான் படிக்கவில்லை.
கல்லின் மேல் கையைக் காட்டிச் சூடு பிடித்தபடி
கேட்டார்:
“இன்னும் ஒரு ரொட்டிக்கு மாவு இருக்கா?”

இருந்தது.
ஒன்றரைக்கே இருந்தது.
அந்த அரையைப்
பூனை பார்த்துக்கொண்டிருந்தது.